நாற்பது மயில்

புளியந்தோப்பு வீட்டில்
பீரோவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே உள்ள சுவரை
நைலான் கயிற்றில் அளந்து
முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள் அன்பரசி.
இன்னொரு முடிச்சு கணக்கு நோட்டில்:
பதினாறாயிரம்.
சீட்டு எடுத்தது பதினொன்று,
என் ஓவர்டைம் மூன்று.
மீதி இரண்டு எங்கிருந்து என்று அவள் சொல்லவில்லை,
நான் கேட்கவில்லை.

தி.நகர், மூன்றாவது மாடி.
நாற்பது டிவியில் ஒரே மயில்.
ஒரே நொடியில் தோகை விரிக்கிறது.
ஒரே நொடியில் ஒரு ஸ்ட்ராபெர்ரி
பாலில் விழுந்து தெறிக்கிறது.
சங்கமித்ரா எண்ணி முடிப்பதற்குள்
மறுபடியும் மயில்.

ராயப்பேட்டை ஆப்செட் அச்சகத்தில்
எனக்குப் பத்தொன்பது வருஷம்.
பத்திரிகைக் குங்குமம் ஆரஞ்சுக்குச் சாய்ந்தால்
பெண் வீட்டார் கட்டோடு திருப்பி அனுப்புவார்கள்.
மஜெந்தா ஒரு துளி கூடியிருப்பதை
வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுவேன்.
அந்தக் கண்ணுக்கு
இங்கே நாற்பதும் வேறு வேறு பழம்.
ஒன்று தக்காளி. ஒன்று செங்கல்.
ஒன்றுக்குக் காய்ச்சல்.
தூணோரம் ஒன்று மட்டும்
கிள்ளினால் சாறு வரும் போல அவ்வளவு சரி.
விலைச் சீட்டைத் திருப்பினேன்,
படித்தேன்,
தூணைப் பார்க்க வந்தவன் போல
தூணைப் பார்த்துவிட்டு நகர்ந்தேன்.

"பட்ஜெட் எவ்ளோ சார்?"
சட்டையில் ஷாகுல் என்று பேட்ஜ்.
"பன்னெண்டு" என்றாள் அன்பரசி.
நாலை எப்போதும் உள்ளே வைத்துத்தான் பேசுவாள்,
மீன்காரரிடமும், என் தங்கையிடமும்.
அவன் முகம் மாறவில்லை. நல்ல பையன்.
"ஈஎம்ஐல போனா நாப்பத்திமூணு இன்ச்சே பாக்கலாம்க்கா."

கைப்பையிலிருந்து கயிற்றை எடுத்தாள்.
சட்டைக்கு அளவெடுப்பது போல
டிவியின் மார்பில் குறுக்கே பிடித்தாள்.
கயிறு முடிந்தது, டிவி முடியவில்லை.
டேப் கேட்டு வாங்கினாள்.
"முப்பத்தெட்டுதானே வருது?"
"மூலைக்கு மூலை அளக்கணும்க்கா. எல்லா கம்பெனியும் அப்டிதான்."
"சொவத்துலயும் மூலைக்கு மூலையாவா மாட்டுவ?"

ஈஎம்ஐக்கு வட்டி கிடையாதாம்.
பிராசசிங் கட்டணம் உண்டாம்,
அந்தக் கட்டணத்துக்கு வரி உண்டாம்,
மாட்டுகிற கம்பிக்கு அறுநூறு.
கூட்டல் அவள் உதட்டில் ஓடி
ஓரிடத்தில் நின்றது.

"தம்பி, மயில நிறுத்திட்டு நியூஸ் போடு."
"டெமோலதான்க்கா கலர் தெரியும்."
"எங்க வீட்டுக்கு மயில் வராது."

பின்வரிசையில் மூன்று டிவிக்குப் போட்டான்.
ஏதோ ஒரு தெரு. லாரி வரவில்லை.
காலிக் குடத்தை இடுப்பில் இடுக்கியபடி
வெயிலில் நின்று மைக்கில் கத்துகிறாள் ஒருத்தி.
முதல் டிவி அவளுக்குப் பவுடர் பூசியிருந்தது.
இரண்டாவதில் கரி, கரிக்குள் இரண்டு கண்.
மூன்றாவது முப்பத்திரண்டு இன்ச்,
கேள்விப்படாத கம்பெனி, டிஸ்ப்ளே பீஸ்,
ஓரத்தில் ஒரு கீறல்.
அதில் நெற்றி வேர்வை தெரிந்தது,
மேலுதட்டு மரு தெரிந்தது,
கழுத்து கன்னத்தைவிடக் கொஞ்சம் கறுப்பு என்பது தெரிந்தது.

"அம்மா கலரு" என்றாள் சங்கமித்ரா.

பெண்ணை நாலு படி வெளுக்கச் சொல்வார்கள்
மஞ்சள் நீராட்டுப் பத்திரிகையில்.
பத்தொன்பது வருஷம் வெளுத்திருக்கிறேன்.
குங்குமம் மட்டும் சரியாக இருக்கும்.

பதினாலாயிரத்து முந்நூறு.
கம்பி இலவசம், அது அன்பரசியின் வேலை.
பீஸுக்குச் சொந்தப் பெட்டி இல்லையென்று
ஷாகுல் வேறொரு டிவியின் பெட்டியில்
பழைய தெர்மாகோல் திணித்துக் கட்டிக் கொடுத்தான்.
ஆட்டோவில் பெட்டிக்கு இடம் போக
மிச்சத்தில் நாங்கள்.
புரசைவாக்கம் சிக்னலில்
உள்ளே அது லேசாக ஆடியது.
என் கை பெட்டி மேல்,
அவள் கை மீதிப் பணத்தின் மேல்.

தெருமுனையிலேயே பிடித்துக்கொண்டாள்
எதிர்வீட்டு ரூபாவதி.
பெட்டியில் பெரிதாக அச்சடித்திருந்ததை
சத்தமாகவே படித்தாள்.
"நாப்பத்திமூணா!"

அன்பரசி பெட்டியின் மறுமுனையைத் தூக்கியபடி
திரும்பாமலே சொன்னாள்:
"மூலைக்கு மூலை."