முப்பதில் ஒரு பங்கு

பின்னணி ஓட வேண்டும், வண்டி நிற்க வேண்டும்.
நைனா முகம்மதுவிடம் இதைச் சொன்னபோது
"ஓடுற வண்டியத்தானே எடுக்கச் சொன்னேன்" என்றார்.
ஓடும் அண்ணே, படத்தில் நிற்கும்,
கடல்தான் ஓடும் என்றேன்.
தலையை ஆட்டினார், புரிந்ததாக இல்லை.
நாலு தவணை கட்டிய புது ஐஸ் வண்டி.
வெள்ளைப் பெட்டியின் பக்கவாட்டில்
நீலச் சீலா மீன் ஒன்று
யாரையோ கூப்பிடுவதுபோல வாயைத் திறந்திருந்தது.

முகுந்தராயர் சத்திரம் தாண்டி
இரண்டு கடலுக்கும் நடுவே
ரோடு மட்டும் மிஞ்சிய இடம்.
பெண்கடலுக்கு முதுகைக் காட்டி நின்றேன்.
எதிரே ஆண்கடல், கச்சானில் கொதித்துக்கொண்டு.
துப்பட்டாவைக் கழுத்தோடு முடிச்சிட்டும்
லென்ஸின் வளையத்துக்குள் மணல் நறநறத்தது.

பாதம் இரண்டும் படம் விழப்போகிற இடம் பார்த்து.
இடுப்பை மட்டும் வண்டி வரும் பக்கம் முறுக்கி,
குழியில் திரும்பும் கதவுக் குடுமிபோல.
முழங்கை விலாவில். மூச்சு பாதியில்.
ஷட்டர் முப்பதில் ஒரு பங்கு நொடி.
இன்னும் நேரம் கொடுத்தால் எல்லாமே கஞ்சி.
குறைத்தால், பஞ்சராகி நிற்கிற வண்டி.
அழுத்தியதும் நின்றுவிடவும் கூடாது,
போயிட்டு வர்றேன் என்று சொல்லிவிட்டு
தெருமுனை வரை பேசிக்கொண்டே போகிறவளாட்டம்
திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

முதல் ஓட்டத்தில் டயர் மட்டும் தேறியது.
அடுத்ததில் சீலாவின் வால்.
பிறகு குறுக்கே ஒரு டூரிஸ்ட் வேன்,
ஜன்னல் நிறைய கையசைக்கும் ஈரோட்டுப் பிள்ளைகள்.
பிறகு ஒன்றுமில்லை. பிறகும் ஒன்றுமில்லை.
ஒவ்வொரு தடவையும் எமரிட்
அரிச்சல்முனை வரை போய்த் திரும்பினான்.
என்னைக் கடக்கும்போது ஒரு விரலைத் தூக்குவான்,
இன்னொண்ணா?
நானும் ஒரு விரலைத் தூக்குவேன்.

ஒன்பதாவது ஓட்டத்தில் விழுந்தது.
பெட்டியின் அடியில் தெறித்த ஐஸ் தண்ணி
சொட்டுச் சொட்டாக எண்ணும்படி.
சக்கரம் சுழல, நம்பர் பிளேட் படிக்க வர,
பின்னால் ஆண்கடல், கல் சுவர், வெயில் எல்லாம்
ஈரத் துணியால் இழுத்துத் துடைத்த கோடுகள்.
சின்னத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன்.
மீன் சரி. கண்ணாடி சரி.
எமரிட் கண்ணை மூடியிருந்தான்.

இமைத்திருப்பான்.
முந்தைய படத்துக்கு நகர்த்தினேன். மூடியிருந்தது.
அதற்கு முந்தையது கலங்கல், ஆனாலும்
கண் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளை இல்லை.
அடுத்த படம். மூடியிருந்தது.
கையில் ஸ்டீயரிங், உதட்டில் லேசான சிரிப்பு,
ஐம்பது கிலோமீட்டர் வேகம்.

"எங்க காட்டுங்க" என்று இறங்கி வந்தான்.
பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.
"ராத்திரி முழுக்க சாவக்காட்டுலேர்ந்து ஓட்டியாந்தேன்.
வந்ததும் கழுவி எடுத்துக்கிட்டு வரச் சொல்லிட்டாரு."
பிறகு மெதுவாக,
"எவ்வளவு நேரம்க்கா மூடியிருந்தேன்?"
முப்பதில் ஒரு பங்கு என்றேன்.
இமைக்கிறதுதான், எல்லாருக்கும் விழும்.
மற்ற மூன்றையும் அவன் பார்க்கும் முன்
கட்டைவிரலால் அழித்தேன்.
"வீட்டுக்கு மட்டும் இத அனுப்பிராதீங்க" என்றான்.

வெயில் ஏறிட்டு அண்ணே, இனிமேல் வராது என்றேன் முதலாளியிடம்.
நிறுத்தி வைத்து எடுத்துக்கலாம்.
அவருக்கு அதுதான் பிடித்தது.
"இப்பத்தான் கடல் கடலா இருக்கு!"
அலை அலையாகத் தெரிகிற கடல்,
கீறல் இல்லாத வண்டி, வாய் திறந்த சீலா.
காலண்டரில் போட்டிருக்கிறார்.
உச்சிப்புளி டீக்கடை வரை தொங்குகிறது.

ஓட்டுநர் இருக்கை அதில் காலியாகத் தெரியும்.
காலி இல்லை.
ஸ்டீயரிங்குக்குக் கீழே, சீட்டின் நீளத்துக்கு மடங்கி
எமரிட் தூங்குகிறான்.
அன்றைக்கு ஷட்டர் ஐந்நூறில் ஒரு பங்கு.
அவன் மூன்று மணி நேரம்.