மிதி, பிடி, விடு

தடைக்காலம்.
விசைப்படகெல்லாம் பாம்பனில் கட்டிக்கிடக்க
எங்கள் காரும் தங்கச்சிமடத்து வேலியோரம்
ஜாக்கி மேல் நிற்கிறது.
டாஷ்போர்டில் அந்த மஞ்சள் விளக்கு
மாசியிலிருந்து அணையவில்லை.

மதுரை ஷோரூமில் நாற்பத்தெட்டாயிரம் என்றார்கள்.
தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு வந்தேன்.
உக்கடத்தில், உடைத்த வண்டியிலிருந்து,
ஒன்பதாயிரத்துக்கு
பம்பும் அதன் முதுகில் ஒட்டிய மாட்யூலும்
பஸ் பார்சலில் வந்து சேர்ந்தன.
ரெண்டு கிலோ சீலா கனம்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ்.
பிறகு சாக்கெட். இழுத்ததும் உள்ளே
பச்சை பூத்திருந்தது:
இந்த ஊர்க் காற்று செம்பைத் தின்றால்
மிச்சம் வைக்கிற பச்சை.

ஆறு குழாய்.
இடம் மாறாமலிருக்க வலைநூலை வெட்டி
முடிச்சுப் போட்டேன்
ஒன்று, இரண்டு என்று ஆறு வரைக்கும்.
ஐந்தாவது நட் உப்பேறி
ஸ்பானருக்கு வழுக்கிக்கொண்டே போனது.
ராத்திரி முழுக்க எண்ணெயில் ஊறவிட்டு
விடிகாலை வைஸ்கிரிப்பால் கடித்தேன்.
கிறீச்சென்று ஏதோ திட்டிவிட்டுக் கழன்றது.
அந்த ஆத்திரத்தில் பிரேக் ஆயில் சிந்தி
மட்கார்டில் உள்ளங்கை அகலம் பெயிண்ட் போச்சு.

இத்தனையும் பார்த்தபடி
டெல்சன் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார்.
பதினோரு நாளாகப் பேச்சில்லை.
தம்பி கடனுக்கு ஜாமீன் கையெழுத்து;
என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.
ஆனால் குழாயில் நிற்கும் காற்றை எடுக்க
பெடலில் ஒரு கால் வேண்டும்,
என் கால் ரெண்டும் வண்டிக்கு அடியில்.

டிரைவர் பக்கக் கதவைத் திறந்து வைத்தேன்.
வந்து உட்கார்ந்தார்.

பின் இடது சக்கரம்.
"மிதிங்க" என்று இழுத்துச் சொல்லி முடிப்பதற்குள்
நிப்பிள் காற்றை உறிஞ்சிவிடும்.
மரியாதையை மண்ணில் வைத்தேன்.
"மிதி."
"பிடி."
திருகைத் திறக்க, குமிழி, குமிழி,
பிறகு தேன் நிறம்.
மூடிவிட்டு, "விடு."
பின் வலது. முன் இடது. முன் வலது.
மறுபடி முதலிலிருந்து.
மூன்று மணி நேரம்
இந்த மூன்று சொல்லில் குடும்பம் நடந்தது.
ஒருதரம் நான் சொல்லுமுன் விட்டுவிட்டார்;
வைது தீர்த்தேன்.
அது நாலாவது சொல்லில் சேர்த்தியில்லை.

இரவல் ஸ்கேனரைச் செருகினால்
மாட்யூல் தன் பழைய வண்டியை மறக்கவில்லை:
முன் வலது சக்கரம், சிக்னல் இல்லை.
வேகம் எழுபத்து நான்கு.
பிரேக் மிதிக்கப்பட்டிருந்தது.
கீழே கேட்டது, அழிக்கவா?

விரல் போகவில்லை.
திரையை அவர் பக்கம் திருப்பினேன்.
வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"யாரோ, எவரோ. மிதிக்கத்தான் செஞ்சிருக்கு."
பிறகு அவரே அமுக்கினார்.
புது வண்டி நம்பரை நான் எழுதினேன்.
பம்பை ஓட்டிப் பார்த்தோம்,
வயிற்றுக்குள் பூனை உறுமியதுபோல் ஒரு டர்ர்.

சாயங்காலம் தனுஷ்கோடி ரோட்டில்
தார்மேல் மணல் ஏறிக்கிடக்கும் இடம்.
முன்னால் ஆளில்லை, பின்னால் ஆளில்லை.
அறுபதில் போய் ஒரே மிதி.
காலுக்கடியில் தடதடவென்று
பிடி விடு பிடி விடு பிடி விடு,
எங்கள் மூன்று மணி நேரத்தை
மூச்சு விடுவதற்குள் சொல்லி முடித்தது.
ஸ்டியரிங் என் சொல் கேட்டது.
வண்டி நின்றது.
மஞ்சள் விளக்கு இல்லை.

வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால்
ஐந்தாவது முடிச்சடியில் ஒரு துளி ஈரம்.
கால் திருப்பு இறுக்கினேன்.
டார்ச்சைப் பிடித்திருந்தவர்
"வியாழக்கிழமை பேங்குக்குப் போகணும்,
நீயும் வா" என்றார்.

துணியால் துடைத்துவிட்டு
துளி மறுபடி வருகிறதா என்று
பார்த்துக்கொண்டிருந்தேன்.