கேஸ் இங்கே செலுத்தவும்

முதுநகரில், துறைமுகம் போகிற வழியில் கடை.
நைலான் கயிறு, ஈயக்குண்டு, டீசல் பில்டர்.
கல்லாவில் நான்.
தலைக்கு மேல் பலகை:
‘கேஸ் இங்கே செலுத்தவும்’.

எழுதிய தணிகாசலத்தின் தூரிகைக்கு
ஷ வளையாது.
சிலிண்டர் தீர்ந்துபோச்சா என்பார்கள்
விசைப்படகுக்காரர்கள்.
ஸ்டேஷன்ல போடுற கேஸா என்பான் ஒருவன்,
போட்டுக்கொண்டு வந்தவன்.
முதலாளி ஜபருல்லா மரைக்காயர்
‘படிச்ச புள்ள, நீயே திருத்திடும்மா’ என்று
கறுப்பு எனாமல் கால் டப்பா கொடுத்து
மூன்று மாதம்.

இடையில் தம்பியோடு சண்டை.
பாண்டியில் பிரெஞ்சுப் பென்ஷன்காரர்களுக்குப்
படிவம் நிரப்பிக் கொடுப்பவன்.
காசுதான்டா கேஷ், என்றேன்,
நம்மிடம் வாங்கிப்போய்
நமக்கே மீதிச் சில்லறை தருகிறார்கள்.
இல்லக்கா, கெஸ் என்றால் அவர்களிடம் பெட்டி.
பணம் இருந்த பெட்டி.
பெட்டியின் பேர் பணத்துக்கு ஒட்டிக்கொண்டது,
உன் காசு இதில் எங்கே வந்தது?
போனை வைத்துவிட்டேன்.
ஐந்து நாள் அவனும் கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நூலகத்தில்
தலையணை கனத்தில் ஓர் அகராதி.
முதலில் இருந்தது
அவன் சொன்னதுதான்.
கொஞ்சம் கீழே, தனி எண் போட்டு,
இன்னொரு கேஷ்:
தமிழ்க் காசு,
போர்த்துகீசியர் வாயில் திரிந்து
கும்பினிக் கணக்கில் ஏறியது.
எண்பது சேர்ந்தால் ஒரு பணம்.
எழுத்து ஒன்று, ஓசை ஒன்று,
பிறந்த வீடு வேறு.

கூடல் என்றே பேர் வைத்த ஊரில்
இதற்கென்ன வியப்பு.
கெடிலமும் பரவனாறும் சேர்ந்த இடத்தில்
ஒரு கை மொண்டு குடித்துவிட்டு,
உப்புக் கரிக்கும் வாயோடு
எது எந்தத் தண்ணீர் என்று
எவன் சொல்வான்?

மூடப்போன விரல்
சில பக்கம் முன்னால் நின்றது.
கேஸ்: பெட்டி.
கலர் சோடா ஒரு கேஸ் என்கிறோமே, அதுவே.
பிரெஞ்சுப் பெட்டியைப் பெற்ற
அதே லத்தீன்காரி பெற்றது.
தணிகாசலம், ஐந்தாவது பெயில்.

திங்கள் காலை
எனாமல் டப்பாவைத் திறந்தேன்.
மேலே தோல் கட்டியிருந்தது.
குச்சியால் குத்திப் பார்த்து
மூடி வைத்தேன்.

நரம்பு வாங்க வந்த அமிர்தவல்லி
பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
‘கையில இல்லியே, ஸ்கேன் பண்ணட்டா?’
அவளுக்கு முன் வந்த பதினோரு பேரும்
அப்படித்தான்.

இழுத்துப் பார்த்தேன்.
ஒரு ரப்பர் பேண்டு, ஒரு செல்லாத ஐம்பது பைசா,
அப்புறம் பெட்டி.
பலகையில் சொன்னபடி.