பன்னிரண்டாவது டப்பா

நால்வர் சேர்ந்து ஒரு சட்டி வாங்குவதென்று
சலவை அறையில் முடிவானது,
ஒரு எந்திரம் நின்று
அடுத்தது சுழலத் தொடங்கும் ஆறு நிமிடத்தில்.

ஆஸ்பத்திரிப் போர்வைகளை
இரவெல்லாம் துவைத்து மடிக்கிறவர்கள் நாங்கள்.
விடிந்து வீடு போனால்
வெங்காயம் உரிக்கக் கை வராது.
ஞாயிறுக்கு ஒருவர் சமைப்பது,
நாலு பங்காகப் பிரித்து உறையவைப்பது,
அடுத்த வாரம் சட்டி அடுத்த வீட்டுக்கு.

கணக்கு போஹ்டானா போட்டாள்,
தலையணை உறை எண்ணிக்கைச் சீட்டின் பின்பக்கம்:
ஆளுக்கு மூன்று டப்பா,
டப்பாவுக்கு அரை லிட்டர்,
ஆக ஆறு.
கொதிக்க இடம் வேண்டும்,
கிளற இடம் வேண்டும்,
எலும்பு புரள இடம் வேண்டும்.
"ஒன்பது லிட்டர். பேச்சே இல்லை.
சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?"

டெல்ஃபீன் ஒரு நூல் வைத்திருந்தாள்.
நாலு வீட்டு ஓவனையும் அளந்து
நாலு முடிச்சு.
கடைசி முடிச்சு தாய்ஸ்தோவுடையது,
ஒன்பது நுழையும்,
மூடியின் குமிழ் மட்டும் உரசும்.

சனி மதியம், தண்டர் பே,
மைனஸ் இருபத்தாறு.
ஏரி வெள்ளையாக இறுகிக் கிடந்தது.
கடைக்குள் வார்ப்பிரும்புச் சட்டிகள்
எனாமல் பூசி வரிசையாக:
தக்காளிச் சிவப்பு, கடுகு மஞ்சள்,
ஒரு நீலம், ஏரி ஜூலையில் மட்டும் காட்டுகிற நீலம்.

ஒன்பதைத் தூக்கினாள் போஹ்டானா,
பிள்ளையை இடுப்பில் ஏற்றுகிறாற்போல.
டெல்ஃபீன் தூக்கினாள். நான் தூக்கினேன்.
காலியாகவே ஏழரைக் கிலோ.
தாய்ஸ்தோ தூக்கினான்.

நவம்பரில் பஸ் நிறுத்தத்தில் பனியில் வழுக்கி
வலது மணிக்கட்டில் இரண்டு திருகாணி அவனுக்கு.
முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.
கீழே வைத்ததுதான்,
இடது கையை அடியில் கொடுத்து,
ஒரு சத்தமும் எழாமல்,
உறங்குகிற எதையோ கிடத்துவதுபோல.
பிறகு விலைச் சீட்டை
நெடுநேரம் வாசித்தான்.

அவன் வீடு மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை.

"நீலம் ஏழில்தான் இருக்கிறது," என்றேன்.
பொய். ஒன்பதிலும் இருந்தது,
மேல் தட்டில்,
நான் அதை மறைத்து நின்றேன்.
டெல்ஃபீன் என் தலைக்கு மேலே பார்த்தாள்,
பிறகு என்னை.
"எனக்கு நீலம்தான் வேண்டும்," என்றாள்,
ஆயுளில் நிறம் கேட்டு ஒரு பொருள் வாங்காதவள்.
போஹ்டானா தன் கணக்கை எடுத்தாள்,
தாய்ஸ்தோவின் கையைப் பார்த்தாள்,
சீட்டை மடித்துக் கையுறைக்குள் செருகினாள்.
"ஏழு நல்ல எண்."

ஏழில் பதினொரு டப்பாதான் தேறும்.
விளிம்பு வரை ஊற்றியும் பார்த்தாயிற்று.
போஹ்டானாவின் பீட்ரூட் சூப்
மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து
ஓவன் அடியில் கருகியது.
மூன்று நாள் வாடை.

ஆகவே எங்களுக்குள் ஒரு சட்டம்:
சமைத்தவருக்கு இரண்டே டப்பா.
ஆனால் சட்டி அவருக்கு.
மர அகப்பையால் வழித்துக்கொள்ளலாம்
(இரும்புக் கரண்டி பட்டால் எனாமல் தெறிக்கும்),
ரொட்டித் துண்டால் துடைத்துக்கொள்ளலாம்,
உள் வெள்ளை தெரியும் வரை.

இந்த ஞாயிறு தாய்ஸ்தோ முறை.
பட்டாணி சூப், பன்றிக் கணுக்கால்.
என் மூன்று டப்பாவை வாங்கப் போனேன்.
சட்டி அடுப்பின் மேல் பளபளவென்று,
கழுவியதா நக்கியதா சொல்ல முடியாது.
அவன் தாடியில் ஒரு பட்டாணித் தோல்.

"ஒன்பதே வாங்கியிருக்கலாம்," என்றான்.
"வழிக்க இன்னும் கொஞ்சம் இருந்திருக்கும்."
டப்பாக்களைப் பையில் அடுக்கினேன்.
"மேல் தட்டில் நீலம் இருந்ததே."

அடுத்த வாரம் என் முறை.
மூன்று மாடியும் அவனே இறக்கிக் கொண்டுவந்தான்,
ஒவ்வொரு திருப்பத்திலும்
கை மாற்றி.