ஒன்பது புள்ளி ஆறு

கண்ணிமை முடியின் பருமன்தான் படிகம்.
எண்ணெய்ச் சொட்டில் தோய்த்துக்
கண்ணாடி இழையின் நுனியில் நிறுத்தும்வரை
மூச்சு விடவில்லை.
போன மாதம் ஒரு தும்மலில் போயிற்று
இதன் கூடப்பிறந்தது.

குணவதி அனுப்பியது.
கம்பாரில், அமாங் ஆலையில்
ஈயம் போன மணலைப் பிரிக்கிறவள்.
கறுப்பிலிருந்து கறுப்பைப் பொறுக்கிப் பழகிய கண்.
"இது மட்டும் ஊதாவா முழிக்குது, பாருங்க டாக்டர்"
என்று தீப்பெட்டியில் பஞ்சு வைத்து
பட்டர்வர்த் பேருந்தில் கொடுத்துவிட்டாள்.

குளுகோர் சரிவில் ஆய்வகம்.
சன்னலில் பாலத்து விளக்குகள்.
கருவி படிகத்தை
அரைப் பாகை, அரைப் பாகையாய்த் திருப்பிக்
கதிரை விடுகிறது.
திரையில் புள்ளிகள்,
மழையின் முதல் நிமிடத்துத் தார்ச்சாலை போல.
இந்த மழைக்கு மட்டும் வரிசை தெரியும்.

ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு பிரகாசம், தெரியும்.
எந்த அலை முந்தியது, எது பிந்தியது,
அது வழியிலேயே தொலைந்துவிடும். எப்போதும்.
ஊகித்து நிரப்பு. கணக்கிடு.
பொருந்துகிறதா பார். மறுபடி.

சிலிக்கான் உடனே வந்து உட்கார்ந்தது,
சுற்றிலும் நான்கு ஆக்சிஜனோடு.
கால்சியத்தை அதன் கனமே காட்டிக்கொடுத்தது.
போரான்தான்.
மொத்தமே ஐந்து எலக்ட்ரான்.
பெரிய தொண்டைகள் பேசும் அறையில்
அது இருமினால்கூடக் கேட்காது.

பிழை: ஒன்பது புள்ளி ஆறு விழுக்காடு.
ஆறு வாரம் கழித்தும்
ஒன்பது புள்ளி ஆறு.
"கல் மட்டம்" என்றார் பேராசிரியர் கூ.
நைட்ரஜன் ஊற்ற வரும் கமாருல்
"இன்னும் ஒன்பதா, காக்?" என்பான்,
காய்ச்சல் விசாரிப்பது போல.

நோன்புப் பெருநாளுக்கு முந்தின இரவு.
கமாருல் ஊருக்குப் போயிருந்தான்.
தூரத்தில் எங்கோ வெடிச்சத்தம்.
அப்போதுதான் கண்ணில் பட்டது,
முதல் நாள் நானே ஒப்புக்கொண்ட ஒரு வரி:
சமச்சீர் மையம் உண்டு.

மென்பொருள் சொன்னது.
பார்க்கவும் நன்றாயிருந்தது,
ஒவ்வோர் அணுவுக்கும் எதிரே ஓர் அணு.
இல்லாத ஜோடிக்கு இலை போட்டுவிட்டு
இருக்கிறவனை இத்தனை நாள்
நெருக்கி உட்கார வைத்திருக்கிறேன்.

வரியை அழித்தேன்.

ஏழு புள்ளி ஒன்று.
நான்கு புள்ளி எட்டு.
போரான் மெல்ல நகர்ந்து
மூன்று ஆக்சிஜனுக்கு நடுவில்
தட்டையாய்ப் படுத்துக்கொண்டது.
நான்காவதை அதன் கையில் திணித்தது
நான்தான்.
இரண்டு புள்ளி ஒன்பது.

கத்தவில்லை.
எழுந்துபோய் ஏர்கானைக் குறைத்தேன்.
ஆறிய கோப்பியில் ஒரு கொசு.

விடிந்ததும் கம்பாருக்கு அழைத்து
"மூன்று, நான்கு இல்லை" என்றேன்.
"எது மூணு?"
சொன்னேன். பாதியில் தமிழ் போதவில்லை,
மேசைமேல் விரல்களால் காட்டினேன், தொலைபேசியில்!
அவள் பொறுமையாய்க் கேட்டாள்.
"சரி, ஊதா ஏன்னு தெரிஞ்சுதா?"

தெரியவில்லை.
எந்த அணு எங்கே என்று
நான்கு தசமம்வரை சொல்ல முடிகிறது.
ஊதா அதில் எங்கும் எழுதியிருக்கவில்லை.

"கல்லத் திருப்பித் தருவீங்கதானே?"

கதிர் பட்டுப் பட்டு
அது பழுப்பாகிப் போனதைச் சொன்னேன்.

கொஞ்ச நேரம் லோரிச் சத்தம் மட்டும்.
"விடுங்க.
இன்னொண்ணு புலித்தைலக் குப்பியில வெச்சிருக்கேன்.
அத மட்டும் தரமாட்டேன்."