துத்தநாகக் கட்டி

மாட்டி ஆறு மாதம் ஆகவில்லை,
எலி கொறித்த பனங்கிழங்காய்க் கையில் வருகிறது.
"ஆயிரத்து இருநூறு ரூவாடே! மீனா திங்கு?"
உவரிக் கரையில் இன்னாசிமுத்து
என் ஸ்பேனரைப் பிடுங்கப் பார்க்கிறார்.

மீனில்லை மாமா, கடல்.
வெண்கல விசிறியும் இரும்புத் தண்டும்
உப்புத்தண்ணியில் ஒட்டி நின்றால்
இரும்புதான் தேயும்.
பக்கத்தில் இதை முடுக்கிவிட்டால்
இது முந்திக்கொண்டு போகும்.

"அப்பம் தங்கத்துல செஞ்சு மாட்டு.
அது கரையாதுல்லா?"

கரையாது.
ஆனால் தங்கத்தைத் தொட்டு நின்றால்
இரும்பு இன்னும் வேகமாய்ப் போகும்.

அவர் சிரிக்கவில்லை.
இந்த என்ஜினுக்காக வைத்த
ஜெசிந்தாவின் ஐந்து பவுன்
திசையன்விளை வங்கியில்
மூன்றாம் வருஷமாய்த் துளி கறுக்காமல் இருக்கிறது.
மாதம் தவறாமல் வட்டி கட்டும் விரல்களில்
உப்பு வெடிப்பு.

"பழசை எறிஞ்சிராத" என்று
மிச்சத்தை வாங்கி மடியில் செருகிக்கொண்டார்.

புதியதை முடுக்கி முடித்தேன்.
அவர் மகன் நீலப் பெயின்ட்டும் பிரஷுமாய் வந்தான்.

தண்டுக்கு அடி, விசிறிக்கு அடி,
கட்டிமேல் மட்டும் பட்டுவிடக் கூடாது தம்பி.
அதை மூடினால்
கடல் அடுத்ததைத் தொடும்.