இரண்டு சேலம்

பிறந்தது சேலம். இறந்தது சேலம்.
லோயிஸ் ஹஸ்கல் அனுப்பிய வம்சப் பட்டியலில்
ஏழாம் தலைமுறைக்கு நேரே
இவ்வளவுதான்.

ஜபேஸ் ஹஸ்கல். பீப்பாய் செய்கிறவன்.
மாசசூசெட்ஸில் இருக்கிற அந்தச் சேலத்தின் கல்லறைகளை
மூன்று தலைமுறையாகத் தேடியிருக்கிறார்கள்,
பாசி சுரண்டி, தாள் ஒட்டி, கரி தேய்த்து.
மனைவியின் கல் கிடைத்தது.
கடல் கொண்டவனின் மனைவி
என்று வெட்டியிருந்தது.
கடல் கொண்டவனுக்கு எந்த ஊரை எழுதினால் என்ன என்று
யாரோ ஒரு சித்தப்பா
சொந்த ஊரையே எழுதிவிட்டதாக
முடிவு கட்டியிருந்தார்கள்.

பிறகு ஒரு ஐஸ் கப்பலின் ஆள்கணக்கு அகப்பட்டது.
பாஸ்டனிலிருந்து மெட்ராஸ்,
மரத்தூளில் புதைத்த பாளங்கள்.
திரும்பும் பட்டியலில் ஒரு பெயர் குறைந்தது.

அப்படித்தான் என்னிடம் வந்தார்.
ஏற்காடு பஸ் ஸ்டாண்டு எதிரே
ஜெராக்ஸ், லேமினேஷன், ஆதார் திருத்தம்.
ஒரு பக்கம் படமெடுத்து அனுப்ப எவ்வளவு என்றார்.
மழை மாதம், கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன்.
ஐந்நூறு என்றேன்.
சொன்ன பிறகு கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

கோயில் பதிவேடு தகரப் பெட்டியில்.
சாவி தவராஜிடம்.
தவராஜ் நாகலூரில், மிளகுக் கொடிக்கு மருந்தடிக்க.
இரண்டு நாள் போயிற்று.
வந்தவர் பெயரைப் படித்து
'ஜபேஸ் இல்லம்மா, யாபேஸ்' என்று திருத்தினார்.
'சாலேம்னு இன்னொண்ணும் இருந்துச்சு, ரொம்ப முந்தி.
அதோட ராஜாவுக்கு அப்பன் ஆத்தா யாருன்னே எழுதல.'
சொல்லிவிட்டுப் பூட்டை ஒரு கல்லால் தட்டினார்.

வெள்ளிப்பூச்சி தின்ற ஓரங்கள்.
ஒரு தோட்டத்துத் துரை, அவர் குழந்தை,
மறுபடி ஒரு குழந்தை,
குதிரை உதைத்த ஒருவன்.
நாற்பத்தேழாம் பக்கத்தில் யாபேஸ்.

வயது முப்பத்தொன்பது.
பட்டியல்படி நாற்பத்தொன்று வரவேண்டும்;
செத்தவனைக் கேட்டா எழுதுவார்கள்.
தொழில், காப்பிக்குப் பீப்பாய்.
காரணம், மலைக்காய்ச்சல்.
பிறந்த ஊர், சேலம், அமெரிக்கா.
அமெரிக்காவின் கீழே பாதிரியார்
இரண்டு முறை கோடு கிழித்திருந்தார்,
யாரும் நம்பமாட்டார்கள் என்று தெரிந்தவர் மாதிரி.
ஓரத்தில் சிறிய எழுத்தில்:
மனைவிக்குக் கடிதம் போட்டாயிற்று.

ஆக, கடிதம் போயிருக்கிறது.
யாரோ வாங்கியிருக்கிறார்கள், யாரோ பட்டியலில் ஏற்றியிருக்கிறார்கள்.
யாரோ கல்தச்சனிடம் போய்
'கடல்' என்று சொல்லியிருக்கிறார்கள்.

ஏனென்று எதிர்ப்பக்கம் சொன்னது.
சின்னக் கோயிலுக்கு ஒரே புத்தகம்,
இடது பக்கம் அடக்கம், வலது பக்கம் ஞானஸ்நானம்.
அதே மாதம், ஒன்பது நாள் கழித்து,
ஒரு பெண் குழந்தை. பேஷன்ஸ் ஹஸ்கல்.
லோயிஸின் பட்டியலிலும் ஒரு பேஷன்ஸ் உண்டு,
மூத்த மகள், அந்தச் சேலத்தில்.
தகப்பன் காலமானவர், பீப்பாய் வேலை.
தாய் சடைச்சி, மஞ்சக்குட்டை.

தையல் இறுகிய புத்தகம்.
ஒரு பக்கத்தை மட்டும் விரித்தால் முதுகு ஒடியும் என்றார் தவராஜ்.
படத்தில் இரண்டும் விழுந்தன.
கடைக்கு வந்து
போனில் வெட்டும் கட்டத்தைத் திறந்து
ஓரத்தை விரலால் உள்ளே தள்ளினேன்.
பேஷன்ஸ் போனாள். மஞ்சக்குட்டை போயிற்று.
சடைச்சியின் 'ச' மட்டும் கொஞ்சம் நின்றது,
கதவிடுக்கில் மாட்டிய புடவை முனை போல.

ஒரு பக்கத்துக்குத்தான் காசு வாங்கியிருந்தேன்.
விரலை எடுத்துவிட்டேன்.
இரண்டும் போயின.

பதினோரு நாள் பதில் இல்லை.
பணத்தைத் திருப்பிக் கேட்பாரோ என்றுகூட நினைத்தேன்.
பன்னிரண்டாம் நாள் மத்தியானம்,
அங்கே விடியக் கொஞ்சம் இருக்கும்,
ஒரே ஒரு வரி:
மஞ்சக்குட்டைக்குப் பஸ் இருக்கிறதா?

ஒரு நாளைக்கு மூன்று, என்று எழுதினேன்.
மழை பெய்தால் இரண்டு.